பொறந்தவள் நிற்கும் இடம்

கொழிஞ்சாம்பாறை
2.8.2024

அன்புத் தங்கை கலாமணிக்கு அக்கா பொன்னாத்தாள் எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். எனக்கு முழங்கால் மட்டும் அவ்வப்போது தான் இருப்பதை ஞாபகப்படுத்துகிறது. அந்த மலை மழையில் நீயும் மாப்பிள்ளையும் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்கிறீர்களா?

போனில் சொல்வதைவிட்டுக் கடிதாசி எழுதுகிறாளே என்று நினைக்காதே. நம் ஊட்டுப் போன் நடுக்கூடத்தில் கிடக்கிறது. யார் பேசினாலும் தம்பி சந்துரு ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறான். நீ அங்கே தும்மினால் இங்கே வாசலில் பால்காரர், "ஏனுங்க, மலையூட்டு அம்மிணிக்குச் சளிங்களா?" என்று கேட்கிறார். நமக்குள் பேச இனி தபால்காரர்தான்.

விஷயம் இதுதான். நம் தம்பிக்குப் பெண் அமைந்துவிட்டது. முப்பத்தெட்டு வயதில். இவனுக்குப் பெண் பார்த்த வகையில் இரண்டு புரோக்கர்கள் மாடி வீடே கட்டிக்கொண்டார்கள். தென்னந்தோப்பு இருக்கிறது, கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை இருக்கிறது, தலையில் முடிதான் பின்வாங்குகிறது என்று ஒளிக்காமல் சொன்னோம். பெண் வீடு கிணத்துக்கடவுப் பக்கம். பெண் பேர் ஆர்த்தி. தை மாதம் கல்யாணம்.

இணைச்சீருக்கு நீதான் நிற்க வேண்டும். மாப்பிள்ளையின் பொறந்தவள் பக்கத்தில் நின்று கூறைச்சேலையின் ஒரு முனையைப் பிடித்தால்தான் நம்மில் கல்யாணமே தொடங்கும். உன் மச்சான் இருந்திருந்தால் மூத்தவள் நான் நின்றிருப்பேன். அவர் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு எந்தக் கல்யாணத்திலும் சாமான் அறைதான். அரிசி பருப்பு எடுத்துக் கொடுக்கவும் ஒரு ஆள் வேண்டுமல்லவா.

மூன்று வருஷமாக நீ ஊர்ப்பக்கமே வரவில்லை. கேட்டால் ஏலக்காய் என்கிறாய். ஏலக்காய் என்ன, உன் மடியில் படுத்தா தூங்குகிறது? பதில் போடு கண்ணு.

உன் அக்கா,
பொன்னாத்தாள்

*

சக்குபள்ளம்
25.8.2024

பொன்னக்காவுக்கு மலையிலிருந்து கலாமணியின் வணக்கம்.

நாங்கள் சுகம். எங்கள் அட்டைகளும் சுகம். என் ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை என்று அவை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லும். உன் முழங்காலுக்கு என் விசாரிப்பைச் சொல்.

தம்பிக்குப் பெண் கிடைத்த செய்தியை உங்கள் மாப்பிள்ளை ரத்தினசாமியிடம் சொன்னேன். அவர் வழக்கம்போல் "ம்" என்றார். ஆனால் இரண்டு "ம்" வந்தது. ரொம்ப சந்தோஷம் என்று வைத்துக்கொள்.

இணைச்சீர் விஷயம். அக்கா, கொஞ்சம் யோசித்துப் பார். கொரோனா வருஷத்தில் முகவாதம் வந்து என் வலப்பக்க மூஞ்சி தூங்கப் போனது, இன்னும் எழுந்திருக்கவில்லை. குமுளி டாக்டர், "இனி இருக்கிறதுதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டார். நான் சிரித்தால் இடப்பக்கம் சிரிக்கிறது, வலப்பக்கம் "என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு" என்று பார்க்கிறது. காப்பி குடித்தால் ஒரு வாய் எனக்கு, ஒரு வாய் சேலைக்கு. ஊரெல்லாம் மாஸ்க்கைக் கழற்றி எறிந்தபோதும் நான் ஒருத்திதான் அதற்கு விசுவாசமாக இருக்கிறேன். புதிதாக வந்த பஞ்சாயத்து மெம்பர் என்னை டாக்டரம்மா என்று நினைத்து வணக்கம் வைக்கிறார். நானும் மருந்து எழுதித் தராத குறைதான்.

சித்தப்பா மகள் யோகப்பிரியாவை நிற்கச் சொல். அவளும் பொறந்தவள் முறைதானே. பல்வரிசை பற்பசை விளம்பரத்துக்குப் போகலாம்போல இருக்கும். எனக்கு இங்கே காய் எடுப்பு. தை வரைக்கும் மூச்சுவிட நேரமில்லை.

கோபித்துக்கொள்ளாதே. கால் வலிக்குத் தைலம் தேய்.

கலாமணி

*

கொழிஞ்சாம்பாறை
14.9.2024

கலாமணிக்கு அக்காவின் அன்பு.

சுகம்தான். தைலம் தேய்த்தேன். கால் வலி போகவில்லை, பூனை மட்டும் கிட்டே வருவதில்லை.

நீ வரவில்லையாம் என்று சந்துருவிடம் மேலோட்டமாகச் சொல்லிப் பார்த்தேன். "அக்கா வரட்டும், வேண்டாம்னு யார் சொன்னா?" என்றான். அப்புறம் அவனாகவே வீடியோக்காரரைப் பற்றிப் பேசினான். மண்டபத்தில் பெரிய திரை வைக்கிறார்களாம். மேடையில் நிற்கிறவர் மூஞ்சி ஆள் உயரத்துக்குத் தெரியுமாம். பெண் வீட்டில் எல்லாரும் படித்தவர்களாம். இதை எதற்கு உனக்கு எழுதுகிறேன் என்றால், ஒன்றுமில்லை, சும்மாதான்.

நான் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். நம் வீதி முனையில் தையல் கடை போட்டிருக்கிற பெண், சேலைக் கலரிலேயே ஜரிகை வைத்து மாஸ்க் தைத்துத் தருகிறேன் என்கிறாள். தூசி அலர்ஜி என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். நீயும் நின்ற மாதிரி ஆச்சு, அவனுக்கும் நிம்மதி ஆச்சு. ஜரிகை அகலமாக வேண்டுமா, சின்னதாகவா என்று மட்டும் எழுது.

பொன்னாத்தாள்

*

சக்குபள்ளம்
17.11.2024

பொன்னக்கா, நலமா? நான் இருக்கிறேன்.

இரண்டு மாதமாகப் பதில் போடவில்லை. ஜரிகை மாஸ்க் என்று படித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். எந்தப் பக்கத்து வாய் என்று கேட்காதே. அப்புறம் கடிதத்தை மடித்து அரிசி டின்னில் போட்டேன். உலை வைக்கப் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்த்தது.

உனக்கு ஒன்று தெரியாது அக்கா. மூன்று வருஷத்துக்கு முன்னால் மாரியம்மன் பூச்சாட்டுக்கு வந்தேனே, அன்றைக்கு யோகப்பிரியாவின் குழந்தை என்னைப் பார்த்து வீறிட்டு அழுதது. குழந்தைதானே, அழட்டும். சந்துரு எல்லாரையும் சிரிக்கவைக்கிற நினைப்பில், "அக்கா, பேசாம மாஸ்க்கப் போட்டுக்கோ, புள்ளைக்குக் காய்ச்சல் வந்துரும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் முதலில் சிரித்தேன். அடுத்த பஸ்ஸில் மலை ஏறினேன். அதற்கப்புறம் உங்கள் மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்துகூட நான் சாப்பிட்டதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். அவர் ஒரு நாளும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததற்காக அவரை எத்தனை திட்டினேன் என்று அவருக்கே தெரியாது.

ஏலக்காய் என்று உனக்கு எழுதியதெல்லாம் இதுதான்.

என்னோடு காய் தரம் பிரிக்கிற சிசிலி இருக்கிறாளே, பக்கத்து லயத்து வரிசை வீட்டுக்காரி. அவள் வாராவாரம் அன்பியத்துக்குக் கூப்பிடுவாள். அன்பியம் என்றால் பத்துப் பதினைந்து வீட்டுக்காரர்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடி வேதம் வாசித்து ஜெபம் பண்ணுவது. "மதினி, எத்தனையோ பேருக்கு எத்தனையோ நடந்திருக்கு. சும்மா வந்து உக்காருங்க. காசா பணமா?" என்பாள். உன் ஜரிகைக் கடிதம் வந்த வாரம் போனேன். ஒளிக்காமல் சொல்கிறேன், நான் போனது சாமிக்காக இல்லை, வாய்க்காக. பழனிக்கும் போய்ப் பார்த்தாச்சு, ஊசியும் போட்டுப் பார்த்தாச்சு, இந்த ஒரு கதவு ஏன் பாக்கி என்று போனேன். வியாபாரிபோலத்தான் போனேன்.

எனக்காக ஜெபம் பண்ணினார்கள். சிசிலி அழுதாள். நான் அழவில்லை, கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது வாரமோ என்னவோ, வாசிக்க வேண்டிய பெண் வரவில்லை. சுவக்கீன் என்று ஒரு உபதேசியார், ஜெபம் நடத்துகிறவர், என் கையில் வேதத்தைக் கொடுத்து, "நீங்க வாசிங்கம்மா" என்றார். மாஸ்க்கோடு வாசித்தால் எனக்கே கேட்கவில்லை. கடைசியில் உட்கார்ந்திருந்த பெரியவர், "துணிய எடுத்துட்டு வாசி தாயி" என்றார். எடுத்தேன்.

கை சூம்பிப்போன ஒருத்தனின் கதை. தொழுகைக்கூடத்தில் எங்கோ இருந்தவனை இயேசு கூப்பிடுகிறார். அவன் கை நீட்டுகிறான், சரியாகிறது. அவ்வளவுதான் கதை. வாசித்து முடித்தபோது எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. என்ன ஆனது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, நான் ஆயிரம் பேரைக் கிண்டல் பண்ணினவள்.

அன்றிலிருந்து மாஸ்க் போடுவதில்லை அக்கா. கடைக்கும் அப்படியேதான் போகிறேன். ஏலக்காய் ஸ்டோருக்குப் போக ஜீப் வந்துவிட்டது. இணைச்சீருக்கு நான் வருகிறேன்.

கலாமணி

*

கொழிஞ்சாம்பாறை
24.11.2024

என் தங்கமே கலாமணி,

இங்கே எல்லாரும் சுகமோ சுகம். உன் கடிதாசி வந்த அன்றைக்கே பதில் எழுதுகிறேன்.

எந்த சாமியாக இருந்தால் என்ன. என் பொறந்தவள் மூஞ்சியை நேராக்கிக் கொடுத்த சாமிக்கு நான் நன்றி சொல்லிவிட்டேன். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நம் முறைப்படியே தேங்காய் உடைத்தேன். கோபித்துக்கொள்ளாது என்று நினைக்கிறேன்.

சந்துருவிடம் உடனே சொன்னேன். அவன் எழுந்து நின்றுவிட்டான். "நெசமாவா? அப்ப அக்காதான் நிக்கோணும்" என்றான். பெண் வீட்டுக்கும் அவனே போன் போட்டுச் சொன்னான். யோகப்பிரியாவுக்கு வேறு வேலை கொடுத்தாச்சு. நம் வீதி முழுக்கச் செய்தி போய்விட்டது. இரண்டு பேர் அந்த ஜெபக்காரர் விலாசம் கேட்டார்கள், ஒருத்திக்கு மூட்டு வலி, இன்னொருத்திக்கு மருமகள். ஒரு பெரியம்மா மட்டும், "வேதத்துல சேந்துட்டாளா? பொட்டு வெப்பாளா?" என்று கேட்டாள். "மூஞ்சி இருந்தாத்தானுங்க பொட்டு வெக்க முடியும், மொதல்ல மூஞ்சி வந்துதே" என்று சொல்லி வாயை அடைத்தேன்.

சேலை எடுக்கப் போகிறேன். மாம்பழக் கலர் உனக்கு எடுப்பாக இருக்கும்.

உன் அக்கா

*

சக்குபள்ளம்
8.12.2024

அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு எழுதுகிறேன், படித்த பிறகு எப்படி இருக்கும் என்று தெரியாது.

முகம் சரியாகவில்லை அக்கா. மாஸ்க்தான் கழன்றது. மூஞ்சி அப்படியேதான் தொங்குகிறது.

தப்பு என்னுடையது. வெட்கப்பட்டு முக்கியமானதை முழுங்கிவிட்டு, ஓரத்தை மட்டும் எழுதினேன். இப்போது எழுதுகிறேன்.

அந்தக் கை சூம்பினவன் எங்கே நின்றிருப்பான் என்று எனக்குத் தெரியும். தூண் மறைவில், சூம்பின கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு. அந்த இடத்தில் நானும் குடியிருந்தவள்தானே. அவனை இயேசு நடுவில் வந்து நிற்கச் சொல்கிறார். கை சரியானது அதற்கு அப்புறம்தான். முதலில் சரியாகு, அப்புறம் நடுவுக்கு வா என்று அவர் சொல்லவில்லை. சூம்பின கையோடுதான் அவன் எல்லார் முன்னாலும் நடந்து வந்திருக்கிறான். வாசித்துக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நின்றுவிட்டேன். சுவக்கீன், "என்னம்மா, எழுத்து தெரியலையா?" என்றார். எழுத்து நன்றாகவே தெரிந்தது.

எனக்கு அந்த "அப்புறம்" வரவில்லை. வராமலே போகலாம். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், நான் என்ன மகானா. ஆனால் நடுவுக்குக் கூப்பிட்டது என்னையும்தான். இது எனக்குள் எப்படி இறங்கியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அன்று ராத்திரி உங்கள் மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். குழம்பு தாடையில் வழிந்தது. அவர் துண்டை நீட்டினார், "ம்" என்றார்.

பொட்டு வைக்கிறேன். யாரும் அழிக்கச் சொல்லவில்லை. சீருக்கு நிற்கலாமா என்று சுவக்கீனிடமே கேட்டேன். "உங்க தம்பி பக்கத்துல நிக்கறதுக்கு என்ட்ட எதுக்கும்மா கேக்கீங்க?" என்றார்.

சந்துருவிடம் உண்மையைச் சொல்லிவிடு. அதற்குப் பிறகும் அவன் கூப்பிட்டால் வருகிறேன்.

கலாமணி

*

கொழிஞ்சாம்பாறை
11.1.2025

கலாமணிக்கு,

சுகம். பொங்கல் வேலை. வெல்லம் விலை ஏறிவிட்டது. தோப்பில் காய் போட்டாச்சு. பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் சண்டை, இப்போது சமாதானம்.

சேலை மாம்பழக் கலர்தான், எடுத்தாச்சு. ஜாக்கெட் அளவு பழையதே இருக்கட்டும். முதல் நாள் மத்தியானமே மண்டபத்துக்கு வந்துவிடுங்கள். சாயங்காலம் சீர்.

நீ எழுதியது கிடைத்தது. நீ வா.

பொன்னாத்தாள்

*

சக்குபள்ளம்
9.2.2025

பொன்னக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். குமுளி ஏற்றத்தில் உங்கள் மாப்பிள்ளை கல்யாண ஜிலேபியை வெளியே தள்ளினார். மற்றபடி குறைவில்லை. நீ அலைந்த அலைச்சலுக்கு உன் கால் எப்படி இருக்கிறது?

நீ சந்துருவிடம் சொல்லவே இல்லை. மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றவன் என்னைப் பார்த்ததும் பாதிப் பன்னீரைத் தன் வேட்டியில் தெளித்துக்கொண்டபோதே தெரிந்துவிட்டது. என்னை ஓரமாகக் கூட்டிப் போனான்.

"ஏனக்கா, சரியாப் போச்சுன்னு பெரியக்கா சொல்லுச்சு?"

"பெரியக்காளுக்கு என்மேல ஆசை அதிகம்டா."

"மாஸ்க்காவது கொண்டாந்திருக்கலாமல்ல."

"கொண்டாரலீடா."

திரையைத் திரும்பிப் பார்த்தான். "யோகப்பிரியாவ நிக்கச் சொல்லட்டா? உனக்குக் காலு வலிக்கும்."

"எனக்கு வாதம் வந்தது மூஞ்சியிலடா, காலுல இல்ல."

பேச்சுக்கு அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, பெண்கள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பஸ் எத்தனை மணிக்கு என்று யோசித்தேன். ஜெபம் என்று பெரிதாக எதுவும் வரவில்லை. "நடு, நடு" என்று ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது சீர் நடத்துகிற அருமைக்காரர் குப்பண்ணன் சத்தம் கேட்டது. "பொறந்தவ எங்கீங்? வரச் சொல்லுங்." என்னைத்தான் கூப்பிடுகிறார். எழுந்து போனேன்.

வீடியோக்காரப் பையன் என் மூஞ்சியையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்தான். "அக்கா, அந்தப் பக்கம் மாறி நில்லுங்க, இங்க லைட்டு சரியில்ல" என்றான். யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. குப்பண்ணன்தான் நிமிர்ந்தார். "பொறந்தவ நிக்கற எடம் லைட்டுக்காக மாறாது தம்பி. வேணும்னா லைட்ட மாத்து."

திரையில் வந்தேன் அக்கா. பாதி மூஞ்சி ஆள் உயரத்துக்குச் சிரித்தது, பாதி ஆள் உயரத்துக்குத் தொங்கியது. பின்வரிசையில் ஒரு அம்மா, "வேதத்துக்குப் போயும் மூஞ்சி நேராகலையாட்ட இருக்குது" என்றது எனக்கே கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுவும் திரையில் வந்தது.

கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையில், ஒரு முனை என் கையில். சீர் முடிகிறவரைக்கும் அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. வலித்தது. பொய் சொல்லமாட்டேன். ஆனால் இந்த இடத்தில் நிற்க நான் யார் என்ற கேள்வி எனக்குள் வரவில்லை. இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் வரவில்லை.

கூட்டத்தில் உன்னைத் தேடினேன். நீ எங்கே இருந்தாய்?

கலாமணி

*

கொழிஞ்சாம்பாறை
2.3.2025

கலாமணிக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

கால் பரவாயில்லை. மாப்பிள்ளைக்கு வயிறு சரியானதா? ஜிலேபி நம்முடையதுதான், பழி பஸ்ஸின்மேல் போகட்டும்.

ஆர்த்தி நல்ல பெண்ணாகத் தெரிகிறாள். சமையல் வராது. வராது என்று அவளே சொல்லிவிடுகிறாள், அதனால் சண்டைக்கு வழியில்லாமல் இருக்கிறது. சந்துருவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். முதல் நாள் இவனுக்கே யாரைக் கூப்பிடுகிறாள் என்று தெரியவில்லை.

நீ நின்றது மகாலட்சுமி வந்து நின்ற மாதிரி இருந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். உனக்குத் தெரியவில்லை, அவன் திரும்பினான். நான் பார்த்தேன். நான் எங்கே இருந்தேன் என்கிறாய், அந்தக் கூட்டத்தில் எங்கேயோ ஒரு மூலையில்தான். ஆல்பம் வரட்டும், எல்லாம் அதில் இருக்கும். ஆல்பம் எப்போது வரும் என்று நானும் அவனைத் தினமும் கேட்கிறேன்.

பொன்னாத்தாள்

*

சக்குபள்ளம்
23.4.2025

பொன்னக்கா, சுகமா? ஈஸ்டர் கழிந்தது. சிசிலி கொடுத்தனுப்பிய கறியில் எனக்கு இன்னும் ஏப்பம் வருகிறது.

ஆல்பம் வந்துவிட்டதாமே. நீ எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று இப்போது தெரிகிறது.

ஆர்த்திதான் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து அனுப்பினாள். கூடவே, "அண்ணி, உங்க படம் எங்கீங்? கேட்டதுக்கு டிசைன்ல எடமில்லைன்னு சந்துரு சொன்னாருங்க" என்று ஒரு செய்தி. கள்ளமில்லாத பெண்.

இணைச்சீர்ப் பக்கத்தில் தம்பி இருக்கிறான். கூறைச்சேலை இருக்கிறது. சேலையின் மறுமுனையில் ஒரு கை இருக்கிறது. வளையல் என்னுடையது. கைக்கு மேலே ஒரு பெரிய ரோஜாப்பூவை ஒட்டியிருக்கிறார்கள். ரோஜாவுக்கு ஜாக்கெட் நன்றாகப் பொருந்தியிருக்கிறது.

அன்றைக்கு நான் உலை வைக்கவில்லை. அவர்தான் கஞ்சி காய்ச்சினார். பெட்டியைத் திறந்து அடியில் கிடந்த பழைய மாஸ்க் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன். காதில் மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? மாட்டினால் ஒரு நிம்மதிதான், எனக்குத் தெரியும். மாட்டவில்லை. மாட்டாமல் இருந்தது எனக்கு லேசாக இருந்தது என்று நினைத்துவிடாதே.

தம்பிமேல் கோபம் இருக்கிறது. ஜெபத்தில் அவன் பேரையும் சொல்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு. என் வாய்க்கு அதுவே பெரிய வேலை. ஆனால் ஒன்று மட்டும் எனக்கு நிச்சயம் அக்கா. அவன் வைத்திருக்கிற படத்தில் நான் ஒரு கை. என்னைப் படைத்தவர் வைத்திருக்கிற படத்தில் நான் முழுசாக இருக்கிறேன், தொங்குகிற பக்கத்தோடு. அங்கே பூ ஒட்டவில்லை. நான் நின்றேன். ஆல்பத்தில் இல்லை என்றால் அது ஆல்பத்தின் குறை.

அவனிடம் போய்ச் சண்டை போடாதே. ஆர்த்தியையும் ஒன்றும் சொல்லாதே.

கலாமணி

*

கொழிஞ்சாம்பாறை
30.4.2025

கலாமணிக்கு,

நான் சுகமில்லை கண்ணு. உடம்புக்கு ஒன்றுமில்லை.

சண்டை போடாதே என்று நீ எழுதியது வருவதற்கு முன்பே போட்டுவிட்டேன். "எம் பொறந்தவ மூஞ்சி எங்கடா?" என்று கேட்டேன். "எல்லாரும் பாக்கற ஆல்பம்க்கா" என்றான். அப்புறம் தோப்புக்குப் போய்விட்டான், சாப்பாட்டுக்கு வரவில்லை. ஆர்த்தி அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்ததோ, எனக்குத் தெரியாது.

உனக்கு ஒன்று எழுத வேண்டும். நீ நின்றதை நான் பார்க்கவில்லை. அவன் திரும்பினான் என்று எழுதியது நானாகச் சொன்னது. சீர் நேரத்தில் நான் சாமான் அறையில் இருந்தேன். யாரும் என்னை உள்ளே போகச் சொல்லவில்லை. நானேதான் போனேன். கதவையும் நானேதான் சாத்தினேன். குப்பண்ணன் பொறந்தவளைக் கூப்பிட்ட சத்தம் எனக்கும் கேட்டது. கையில் பருப்புப் படி இருந்தது, அதை வைத்துக்கொண்டு நின்றேன். எத்தனை கல்யாணத்தில் அப்படி நின்றிருக்கிறேன், அன்றைக்குத்தான் கால் வலித்தது. ஆல்பம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஆல்பத்தில் பூ இருக்கிறது.

அதனால் நான் அங்கே வருகிறேன். பழனி, தேனி, குமுளி என்று பஸ் மாற வேண்டும் என்று ஆர்த்தி போனில் பார்த்து எழுதித் தந்தாள். குமுளியில் மாப்பிள்ளை வந்து நிற்கட்டும். அடுத்த வாரம் சனிக்கிழமை வந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமையும் இருப்பேன். எதற்கென்று கேட்காதே.

மாம்பழக் கலரைத் துவைத்துப் போட்டுவிடாதே, அப்படியே வை. சந்துரு இடத்தில் மாப்பிள்ளையையோ அந்த சிசிலியையோ நிறுத்திக்கொள். ஏதாவது ஒரு சேலையை எடுத்து அவர்கள் கையில் ஒரு முனையைக் கொடு, ஒரு முனையை நீ பிடி. நான் உன் நேர் எதிரே உட்கார்ந்துகொள்கிறேன். அன்றைக்கு எப்படி நின்றாயோ, அப்படியே எனக்கு ஒருக்கா நின்று காட்ட வேண்டும்.

மற்றதெல்லாம் பார்த்த பிறகு.

பொன்னாத்தாள்